வாசலை மறிக்கும் கார்: ஒரு மாத நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

காலை 6.20. அப்பாவைக் காரில் உட்காரவைத்துவிட்டுக் கேட்டைத் திறந்தேன். எதிர்வீட்டுக்காரரின் சாம்பல் நிறக் கார் எங்கள் பக்கம் நின்றிருந்தது. பம்பர் எங்கள் தூணைத் தாண்டி ஒரு முழம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு முழம் போதும், நான் வெளியே வர முடியாது.

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்: செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஏழு மணிக்கு இயந்திரம் அவருக்கு. அவர் முடித்ததும் அதே இயந்திரத்துக்கு இன்னொரு நோயாளி காத்திருப்பார். நாங்கள் தாமதமாகப் போனால் முடியும் நேரம் தள்ளிப்போகாது, அப்பாவின் நான்கு மணி நேரம்தான் குறையும். அதிலும் செவ்வாய் மிக முக்கியம். சனிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி விழுகிறது. நீரும் பொட்டாசியமும் உடம்பில் அதிகமாகச் சேர்ந்து நிற்கும் காலை அது.

அழைப்பு மணியை மூன்று முறை அழுத்தினேன். அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐந்து நிமிடம் பொறுங்கள் அம்மா, சாவியைத் தேடுகிறேன்" என்றார். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. இறங்கி வந்தவர் காரைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். "மறிக்கவே இல்லையே, இவ்வளவு இடம் கிடக்கிறதே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லை.

இன்று அப்பாவுக்குக் கிடைத்தது மூன்று மணி நாற்பது நிமிடம்.

மார்ச் 5, புதன்

"இவ்வளவு இடம் கிடக்கிறதே" என்ற சொல் இரவெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

சாலையின் அகலம் 5.9 மீட்டர். எங்கள் கேட் 2.7 மீட்டர். கேட்டின் அகலம் முழுக்கக் காலியாக இருந்தால் கார் வெளியே வந்துவிடும் என்றுதான் அவர் நினைக்கிறார். கார் ஓட்டும் எவரும் யோசித்தால் அது தவறு என்று தெரியும். திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் பின்பக்கம் தூணைத் தாண்டும்வரை நேராகவே வர வேண்டும், பிறகுதான் ஸ்டீயரிங்கை ஒடிக்கலாம். அப்படி நேராக வருவதற்குக் கேட்டுக்கு எதிரே உள்ள ஓரமும் காலியாக இருக்க வேண்டும். அங்கே ஒரு கார், தூணை ஒட்டி இன்னொரு கார் என்று நின்றால், கேட் எவ்வளவு விரியத் திறந்திருந்தாலும் அது மூடிய கேட்டுதான்.

ஆகவே வாசல் என்பது இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள வெளி மட்டும் இல்லை. தூணுக்கு அப்பால் இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல், எதிர் ஓரத்திலும் அதே அளவு. இதை அவரிடம் கோபமில்லாமல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

கேட் காலி. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மார்ச் 8, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் தூங்க மாட்டேன்.

டயாலிசிஸ் முடிந்து வந்தோம். சேர்ந்த நீரை நான்கு மணி நேரத்தில் வெளியேற்றிவிடுவதால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கண் இருட்டும், கால் துவளும். இடது கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. அந்தக் கையால் எதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும்வரை என் உயிர் என் கையில் இருக்காது.

கேட்டுக்கு முன்னால் கார் நின்றது, உள்ளே போக வழியில்லை. கேட்டின் இருபுறமும் நிரம்பியிருந்தது. எதிர்வீட்டில் ஏதோ விசேஷம், விருந்தாளிகளின் வண்டிகள். யாருடைய கார் எது என்று யாருக்கும் தெரியாது. மணி அடித்தேன், உள்ளே சத்தத்தில் கேட்கவில்லை. நடுச்சாலையில் காரை நிறுத்தினேன், பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. தெருமுனைக்குப் போய்த்தான் இடம் கிடைத்தது.

அப்பா நடந்தார். வலது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி. பாதி வழியில் யாருடைய வீட்டுத் திண்டிலோ உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. "விடு, அம்மா, சண்டை வேண்டாம்" என்றார். அந்த நிலையிலும் அவருக்குக் கவலை என்னைப் பற்றித்தான், நான் எதிர்வீட்டில் போய்க் கத்திவிடுவேனோ என்று.

நாற்பது ஆண்டுகள் உழைத்துக் கட்டிய வீட்டின் வாசலுக்கு வர அவர் ஊரான் வீட்டுத் திண்டில் இளைப்பாற வேண்டியிருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

கடிதம் எழுதினேன். வைப்பருக்கு அடியில் செருகிவிட்டு வந்துவிடலாம் என்று. மூன்றாவது வரியிலேயே "மனிதத்தன்மை இருந்தால்" என்று எழுதியிருந்தேன். கிழித்தேன். திரும்ப எழுதினேன், பணிவாக. அதையும் கிழித்தேன். நேரில் சொன்னால் கேள்வியாக இருக்கும் சொல், கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தில் வசவாகிவிடுகிறது. படிப்பவர் பதில் சொல்ல எதிரே ஆள் இருக்காது. எல்லாப் பதிலையும் அவர் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வன்மம் வளர்ப்பார்.

தம்பி தொலைபேசியில் சொன்னான்: "இரண்டு பூந்தொட்டியைச் சாலையில் வை, அக்கா. ஒருவரும் நிறுத்த மாட்டார்கள்." வைத்துவிட்டேன். கேட்டுக்கு இரு பக்கமும், ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி.

மார்ச் 10, திங்கள்

தொட்டிகளை எடுத்துவிட்டேன்.

இருட்டிய பிறகு சைக்கிளில் வந்த ஒரு பையன் தொட்டியில் மோதிக் கீழே விழுந்தான். முழங்கை சிராய்த்திருந்தது, அவ்வளவுதான், ஆனால் எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர் இருக்கிறார். அவர்தான் பையனைத் தூக்கிவிட்டார். பிறகு என்னிடம், "வாசல் உங்களுடையது, அம்மா. சாலை உங்களுடையது இல்லையே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என் முகம் சிவந்துவிட்டது. அவர் சொன்னது முழுக்கச் சரி. எதிர்வீட்டுக்காரர் பம்பரால் செய்ததை நான் தொட்டியால் செய்திருந்தேன்.

மார்ச் 12, புதன்

உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் தெளிவாகச் சொன்னார்: கேட்டை மறித்தால் புகார் கொடுக்கலாம், வண்டியை அகற்றுவார்கள். கேட்டை விட்டுச் சுவருக்கு முன்னால் உள்ள சாலை எல்லோருக்கும் பொது. அங்கே யார் நிறுத்தினாலும் நான் கேட்க முடியாது. அந்த இரண்டாவது பாதியைப் பலர் கேட்கவே விரும்புவதில்லை. தன் சுவரின் நீளத்துக்குச் சாலையும் தன்னுடையது என்று நினைக்கும் வீடுகள் எங்கள் தெருவில் எத்தனையோ.

புகார் கொடுக்கலாமா? கையில் படிவம் இருந்தது. கொடுத்தால் ஒரு நாள் காரை இழுத்துக்கொண்டு போவார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் எதிர்வீட்டில்தான் இருப்பார், நானும் இங்கேதான் இருப்பேன். முதலில் ஒரு தடவை உட்கார்ந்து பேசாமல் படிவத்தை நிரப்ப மனம் வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜப்பானைப் பற்றிப் படித்தேன். அங்கே 1962-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. கார் வாங்குகிறவர் அதை நிறுத்தச் சாலைக்கு வெளியே இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். அந்த இடம் இருப்பிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரவில் சாலையின் ஒரே இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் காரை விட்டுவைக்கவும் கூடாது. காரை எங்கே வைப்பாய் என்ற கேள்வியை வாங்கும் முன்பே கேட்டுவிடுகிறார்கள். இங்கே அந்தக் கேள்வி காலை 6.20-க்கு என் கேட்டின் முன்னால் எழுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

பேசினேன். கோபம் இருந்த நேரத்தைத் தவிர்த்து, அவசரம் இல்லாத ஒரு மாலையில், அளவு நாடாவோடு.

"அண்ணா, ஒரு நிமிடம் தெருவுக்கு வர முடியுமா, உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும்" என்றேன். என் காரைக் கேட்டுக்குள் வைத்து, அவரையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். அவர் கார் நின்றிருந்த இடத்திலேயே நின்றது. வெளியே எடுங்கள் என்றேன். இரண்டு முறை முன்னும் பின்னும் முயன்றார். மூன்றாவது முறை பின்சக்கரம் தூணை உரசப் போனது. நிறுத்திவிட்டு இறங்கினார். "இப்படியா இருக்கும்!" என்றார். அந்த ஒரு நிமிடம் பத்துக் கடிதங்களுக்குச் சமம்.

பிறகு அவர் பக்கத்துக் கதையையும் கேட்டேன். வீட்டில் மூன்று கார். மகன் வேலை மாறி ஒரு காரோடு திரும்பி வந்திருக்கிறான். வீட்டுக்குள் கார் நிறுத்தக் கட்டிய இடத்தைச் சுவர் எழுப்பி அறையாக்கிச் சாமான்களைப் போட்டுவிட்டார்கள். இரவு வருகிற கடைசிக் கார் எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே நுழையும். என்மேல் பகையெல்லாம் எதுவும் இல்லை. நான் அங்கே இருக்கிறேன் என்ற நினைவே இல்லை.

அப்பாவின் டயாலிசிஸ் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா?" என்றார். உண்மையாகவே வருந்தினார். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கேள்வி என்னை அறுக்கிறது. ஏன் சொல்லியிருக்க வேண்டும்? என் அப்பாவின் சிறுநீரகம் பழுதாகாமல் இருந்திருந்தால் கேட்டை மறிக்கலாமா? நோயைக் காட்டித்தான் ஒருவர் தன் வாசல் வழியாக வெளியே போகும் உரிமையைப் பெற வேண்டுமா? பள்ளிக்குப் போகிற பிள்ளை, வேலைக்குக் கிளம்புகிற பெண், சும்மா காற்று வாங்கப் போகிற மனிதர், இவர்கள் யாரும் மருத்துவச் சான்று வைத்திருக்க மாட்டார்கள். உள்ளே இருப்பது யார், அவருக்கு என்ன அவசரம் என்று தெரியாதபோதே கொஞ்சம் தள்ளி நிறுத்துவதைத்தான் அக்கம்பக்கம் என்று நான் நினைக்கிறேன்.

அவர் நல்லவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

சாம்பல் நிறக் கார் இரண்டு மீட்டர் தள்ளி நின்றது. இன்று கேட்டை மறித்தது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக் கார். எதிர்வீட்டுக்காரர் தானே இறங்கி வந்து நாலைந்து வீட்டுக் கதவைத் தட்டினார். நான்காவது வீட்டு மாடியில் குடியிருப்பவருடையது. ஏழு நிமிடத்தில் வழி கிடைத்தது. ஒருவரிடம் பேசித் தீர்கிற காரியம் இல்லை இது.

மார்ச் 23, ஞாயிறு

ஆசிரியர் ஐயா வீட்டு முற்றத்தில் தெருக்காரர்கள் கூடினோம். பதினொரு வீட்டில் ஒன்பது வீட்டார் வந்தார்கள்.

முதல் அரைமணி நேரம் வீண். பழைய கணக்குகள், யார் எப்போது யார் வண்டியைக் கீறினார்கள் என்று. பிறகு ஐயா ஒரு காகிதத்தை எடுத்து, "கணக்குப் போடுவோம்" என்றார். தெருவில் மொத்தம் 14 கார். வீட்டுக்குள் நிறுத்தக் கட்டிய இடம் 11; அதில் நான்கு வேறு வேலைக்கு மாறிவிட்டன. ஆக ஏழு கார் உள்ளே, ஏழு கார் சாலையில். தெருவின் நீளம் 80 மீட்டர். ஐந்து வீடுகள் உள்ள பக்கத்தில் மட்டும் நிறுத்துவதென்றால், ஒவ்வொரு கேட்டுக்கும் ஐந்து மீட்டர் விட்டது போக 55 மீட்டர் மிச்சம். ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் நிறுத்த ஒரு காருக்கு ஆறு மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் ஒன்பது கார் நிற்கும். நிற்க வேண்டியவை ஏழு.

யாரும் பேசவில்லை. இத்தனை நாள் இடமில்லை என்றுதான் எல்லோரும் சண்டை போட்டிருந்தோம்.

தீயணைப்பு வண்டியின் கணக்கை நான் சொன்னேன். கண்ணாடிகளைச் சேர்க்காமலே அதன் அகலம் சுமார் 2.5 மீட்டர். இரு பக்கமும் கார்கள் நிற்கும் இரவில் எங்கள் சாலையில் நடுவே மிஞ்சுவது 1.95 மீட்டர், நானே அளந்தேன். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் 3.8 மீட்டருக்கு மேல் கிடைக்கும். வெள்ளைக் கார்க்காரர் தன் மாடியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள்.

ஐயா எலினோர் ஆஸ்ட்ரம் பற்றிச் சொன்னார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், அந்தத் துறையில் அதைப் பெற்ற முதல் பெண். மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய், மீன்பிடி நீர் என்று பலர் பகிர்ந்துகொள்ளும் பொதுவளங்களைப் பல நாடுகளில் ஆராய்ந்தவர். பயன்படுத்துகிறவர்களே விதியை வகுத்து, தாங்களே கண்காணித்து, மீறியவருக்கு முதலில் சிறிய தண்டனை மட்டும் வைத்த இடங்களில் பொதுவளம் நீண்டகாலம் நிலைத்ததை அவர் காட்டினாராம். "தெருவோரமும் மேய்ச்சல் நிலம்தான்" என்றார் ஐயா.

முடிவானவை: ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது, மாதம் ஒரு பக்கம் என்று மாற்ற வேண்டாம், குழப்பம் வரும். ஒவ்வொரு கார்க் கண்ணாடியிலும் கைபேசி எண். விருந்தாளி வந்தால் அந்த வீட்டார் பொறுப்பு. கேட்டுக்கு இருபுறமும் சுண்ணாம்புக் கோடு. மீறினால் முதலில் தொலைபேசி, பிறகு ஐயா நேரில், அதற்குப் பிறகுதான் புகார்.

மார்ச் 25, செவ்வாய்

கேட் காலி. 6.50-க்கே போய்விட்டோம். நான்கு மணி நேரம் முழுதாக.

மார்ச் 29, சனி

கேட்டுக்குள்ளேயே காரை ஏற்றி, படியோரம் அப்பாவை இறக்கினேன். எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுச் சாமான் அறையைக் காலி செய்கிறார்கள், இன்று ஒரு வண்டி நிறையப் பழைய மரச்சாமான்கள் போயின. ஒரு கார் உள்ளே போகும் என்கிறார்.

கூட்டத்துக்கு வராத இரண்டு வீடுகளில் ஒன்றான மூலை வீட்டின் வேன் மட்டும் இன்னமும் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. எண்ணும் எழுதவில்லை. நேற்று இரவு குப்பை வண்டி திரும்ப முடியாமல் பின்னோக்கியே போனது. ஐயாவுக்குக் காய்ச்சல், அவரால் இப்போது போக முடியாது. நாளை மாலை நான் போகிறேன். அளவு நாடாவைப் பையில் வைத்துவிட்டேன். அப்பாவைப் பற்றி இந்த முறை சொல்லப் போவதில்லை.