மெரினாவை விட டெல்லியில் நன்றாகத் தெரியும் ஒரு சிற்பி

மெரினா உழைப்பாளர் சிலையைப் பார்க்காத தமிழர் குறைவு. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் பெயர் தெரிந்தவர்களோ அதைவிடக் குறைவு. 1899-இல் இன்றைய வங்கதேசத்து ரங்பூரில் பிறந்தவர். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். கடற்கரையில் அவரை எடை போட முடியாது. பீடம் உயரம், பக்கத்தில் சாலை, சுற்றிலும் கூட்டம். டெல்லியில் ஒரு பகல் ஒதுக்கினால் போதும்.

இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கிறது தேசிய நவீனக் கலைக்கூடம். திங்கள் விடுமுறை. அங்கே உழைப்பாளர் சிலையின் இன்னொரு வார்ப்பு நிற்கிறது. முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பாறையை நகர்த்தப் போராடும் நால்வரின் விசையும் பாதத்தில் பிறந்து, பின்தொடை வழியாக முதுகுக்கு ஏறுகிறது. முகங்கள் அதற்குப் பிறகுதான் முக்கியம். மாதிரி செய்யும்போது கையால் அப்பிய களிமண் திட்டுகளை, அதாவது அப்பல்களை, ராய் சௌத்ரி தேய்த்து மழுப்பவில்லை. அவை அப்படியே அச்சுக்குப் போய், வெண்கலத்திலும் நிற்கின்றன. உச்சிவெயில் மேலிருந்து விழும்போது இந்த மேடுபள்ளம் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். குளிர்காலப் பிற்பகலில், வெயில் சாய்ந்தபின் போனால் ஒவ்வோர் அப்பலுக்கும் தனி விளிம்பு கிடைக்கும். பெரிய வெண்கலச் சிலைகளைப் பொதுவாக உள்ளீடற்ற துண்டுகளாக வார்த்து இணைப்பார்கள். இணைப்பை அராவும்போது கைத்தடம் அழியக்கூடும். எங்காவது பரப்பு திடீரென வழவழப்பாக இருந்தால், அது சிற்பியின் முடிவா பட்டறையின் வேலையா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கலைக்கூடம் 1954 மார்ச் 29 அன்று சிற்பக் கண்காட்சியோடுதான் திறந்தது. ராய் சௌத்ரி, சாந்திநிகேதன் சிற்பி ராம்கிங்கர் பைஜ் இருவரின் படைப்புகளும் அதில் இருந்தன. அதே ஆண்டில் நுண்கலைகளுக்கான தேசிய அமைப்பான லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரானார் ராய் சௌத்ரி. பிற்காலத்தில் ‘நவீனர்’ பட்டம் ராம்கிங்கருக்குப் போயிற்று. ராய் சௌத்ரிக்கு ‘மேற்கத்தியப் பாணி யதார்த்தவாதி’ என்ற முத்திரை. அரசு மரியாதையே அவருக்குப் பாதகமாயிற்று என்பது என் எண்ணம்.

இருவரையும் ஒப்பிட, பட்டேல் சௌக் மெட்ரோவில் இறங்கி, சன்சத் மார்க்கில் ரிசர்வ் வங்கி வாசலில் ராம்கிங்கரின் யட்சன், யட்சியைப் பாருங்கள். 1967-இல் முடிந்த கற்சிலைகள். வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும். காவலரைக் கேட்காமல் கேமராவைத் தூக்க வேண்டாம். ராம்கிங்கரின் கல் ஊன்றி நிற்கிறது, ராய் சௌத்ரியின் வெண்கலம் சாய்ந்து தள்ளுகிறது. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை.

அடுத்து சர்தார் பட்டேல் மார்க்கில் ராய் சௌத்ரியின் தண்டி யாத்திரைச் சிலைக்குழு, காந்தியும் பின்தொடர்பவர்களுமாகப் பதினொருவர். சாணக்கியபுரி தமிழ்நாடு இல்லத்தில் தங்கியிருப்பவர்களுக்கு ஆட்டோவில் சில நிமிடம்தான். ‘கியாரா மூர்த்தி’ என்றால் போதும், ஓட்டுநருக்குத் தெரியும். பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்த தண்டி யாத்திரைக் காட்சி இதுதான். வண்டிகள் வேகமாக வரும் சந்திப்பு, நடுவில் இறங்காதீர்கள். நேர் எதிரே நின்றால் காந்தி மட்டுமே தெரிவார். பக்கவாட்டில் போனால்தான் பதினொருவரின் நடையும் ஒரே ஓட்டமாகப் பிடிபடும். ஆனால் காந்திக்குப் பின்னால் வரும் முகங்களில் மனிதரைவிடச் சமூகப் பிரதிநிதிகளே அதிகம். உழைப்பாளர் சிலையில் இருக்கும் இறுக்கம் இதில் இல்லை. 1975-இல் ராய் சௌத்ரி இறந்தபோது வேலை முடியவில்லை, மற்றவர்கள் முடித்தார்கள். இதை வைத்து அவருக்கு இறுதி மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

ஓவியராக அவரை நான் அவ்வளவு உயரத்தில் வைக்க மாட்டேன். வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூரிடம் கற்ற மென்மை கடைசிவரை முழுதாக விலகவில்லை. ஆசிரியராக அவர் செய்தது பெரிது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி எஸ். தனபால் இருவரும் அவரிடம் படித்து, அவர் பாணியை விட்டு வெகுதூரம் போனவர்கள். 1957-இல் அவருடைய முதல்வர் நாற்காலிக்கு வந்தவரும் பணிக்கரே. கலைக்கூடத்தில் காட்சிக்கு வைப்பவை அவ்வப்போது மாறும். பணிக்கரின் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.