ஆற்றுக்கு ஆறு வேறு மீன்

ஜனவரி 19, பாபநாசம்

வெள்ளம் வடிந்து தாமிரபரணி தெளிந்துவிட்டது. வனத்துறை எல்லைக்கு வெளியே, முழங்காலளவு நீரில் வலை வீசினோம். முதல் வீச்சிலேயே தாமிரபரணிக் கெண்டை, அதுவும் ஆண். முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல் நூலாக நீண்டு வால் பக்கம் அலைந்தன. ஈரக் கையில் பிடித்து, டிஎன்ஏ ஆய்வுக்காக வயிற்றுத் துடுப்பின் ஓரத்தைக் கடுகளவு நறுக்கிக்கொண்டு மீனை ஆற்றிலேயே விட்டோம். துணுக்கு கெடாமலிருக்க எத்தனால் (சாராயம்) குப்பிக்குள் போயிற்று. சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

"எல்லாம் கெண்டைதானே தம்பி, இதற்கா ஆறு ஆறாக அலைகிறீர்கள்?" என்றார் வலை வீசிய அண்ணாச்சி.

"காவிரியில் இருப்பது இதற்குச் சொந்தம்தான் அண்ணாச்சி. ஆனால் அது வேறு, இது வேறு" என்றேன். அவருக்கு நிறைவில்லை.

ஜனவரி 20

அவருக்குச் சொல்ல வேண்டியதை முழுதாக எழுதிப் பார்க்கிறேன். காவிரிப் படுகையின் அருலியஸ் கெண்டையை இயற்கையியலாளர் ஜெர்டன் 1849இல் அறிவியல் பெயரிட்டு விவரித்தார். நூறு ஆண்டுகள் கழித்து மீனியலாளர் சைலஸ் தாமிரபரணி மீனை அதன் துணையினமாகவே சேர்த்தார். இன்று இரண்டும் தனி இனங்கள்.

கெண்டையால் மலைமுகட்டைத் தாண்ட முடியாது. கடலின் உப்பும் ஆகாது. ஆகவே ஒவ்வோர் ஆற்றுப் படுகையும் அதற்கு ஒரு தீவு. தலைமுறை தலைமுறையாக டிஎன்ஏவில் சேரும் மாற்றங்கள் அந்தந்தப் படுகைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அபூர்வமாக வழி திறப்பதும் உண்டு. மலையில் அரிப்பு ஏற்பட்டு ஓர் ஓடை பக்கத்து ஆற்றுக்குத் திரும்பிவிடும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தனித்தனியே கடலில் விழுந்த ஆறுகள் சில அப்போது வெளிப்பட்ட சமவெளியில் கூடியிருக்கலாம். இந்த வரலாறெல்லாம் துடுப்புத் துணுக்கில் படிக்கக் கிடைக்கிறது. ஓர் ஆற்றில் எத்தனை இனம் என்று எண்ணுவது பாதி வேலைதான்.

பிப்ரவரி 3

குப்பிகள் பத்திரமாக ஆய்வகம் வந்து சேர்ந்தன. டிஎன்ஏ பிரித்தெடுக்கிறோம். வேறு செய்தி இல்லை.

பிப்ரவரி 11

நாள் முழுக்க மஹசீர் என்னும் பெரிய ஆற்று மீன் பற்றிய கட்டுரைகள். படிக்கப் படிக்க மனம் ஆறவில்லை.

காவிரியின் திமில் மஹசீருக்கு உலகெங்கும் பெயர். 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கியது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. அப்படிப்பட்ட மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது 2018இல்தான்: டோர் ரேமாதேவி. அமராவதியில் சேரும் பாம்பாற்றின் சிறு மீன்களை வைத்து விவரித்த இனமும் இதுவும் ஒன்றே என்று டிஎன்ஏ காட்டியது. அதே ஆண்டு 'மிக அருகிய இனம்' என்று, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகளாவிய சிவப்புப் பட்டியலிலும் ஏறியது.

பெயர் உறுதியாகாத காலத்தில் நடந்ததுதான் வேதனை. மஹசீர் குறைகிறதே என்ற கவலையில், 1970களிலிருந்து லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அது தக்காணத்து மீன். புனே அருகே முளா-முட்டா ஆற்றிலிருந்து 1839இல் விவரிக்கப்பட்டது. நல்லெண்ணம்தான். ஆனால் வந்தது பெருகியது; அணை, மணல் கொள்ளை, வெடி வைத்துப் பிடிப்பது என்று ஏற்கெனவே நொந்திருந்த சொந்த மீன் மோயாறு போன்ற ஓரிரு இடங்களில் ஒடுங்கிவிட்டது. 'மஹசீர்' என்று ஒரே பெயரில் எண்ணியவர்களுக்கு ஆற்றில் மீன் குறையவில்லை என்றே தோன்றியிருக்கும்!

இரண்டும் இணைந்து கலப்புக் குஞ்சுகள் பிறந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. நாங்கள் வழக்கமாகப் படிக்கும், செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய்வழி மட்டுமே வருவது. தந்தை நீலத்துடுப்பாக இருந்தால் அது காட்டிக்கொடுக்காது. செல் உட்கருவின் மரபணுக்களையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

பிப்ரவரி 16

தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கம் கொண்டுபோகும் கால்வாய் பற்றிப் பேசினோம். சாத்தான்குளம், திசையன்விளை மக்களுக்குத் தண்ணீர் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தண்ணீர் போகும் வழியில் முட்டையும் குஞ்சும் போகுமே என்பதுதான் என் கவலை. திட்ட அறிக்கைகளில் கன அடிக்குக் கணக்கு இருப்பதைப் போல மீனின் மரபணுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருக்குறுங்குடிக்குக் கீழே நம்பியாற்றில் மாதிரி எடுக்க அனுமதி கேட்டு இன்று மாலை கடிதம் அனுப்பினேன்.