புளியமரத்து வௌவாலும் வூகான் ஆய்வகமும்

2020இல் ஊரடங்கு தொடங்கிய வேளையில், போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர்ப் புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பழந்தின்னி வௌவால்களைப் பட்டாசு வெடித்து விரட்டினார்கள். மாந்தோப்பில் பாதி கடித்துப் போட்ட பழங்களைக் கண்டு ஏற்கெனவே எரிச்சலில் இருந்தவர்களுக்கு நோய் நல்ல சாக்காயிற்று. (அதே ஆண்டில் தமிழ்நாட்டுப் பழந்தின்னி வௌவால்களிலும் கொரோனா வகை வைரஸ் இருப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கண்டறிந்தது உண்மைதான், ஆனால் அது கோவிட் வைரஸ் அல்ல.)

கோவிட் வைரஸ் விலங்குகளிடமிருந்து சந்தை வழியே மனிதரிடம் வந்ததா, சீனாவின் வூகான் நகரத்து வைரஸ் ஆய்வகத்திலிருந்து கசிந்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வைரஸின் நெருங்கிய உறவுகள் கிடைத்தது பூச்சி தின்னும் குதிரைலாட வௌவால்களிடம். சீனாவின் யுன்னான் மாகாணத்துச் சுரங்கம் ஒன்றில் 2012இல் ஆறு தொழிலாளர்கள் கடும் நுரையீரல் நோய்க்கு ஆளாகி, மூவர் இறந்தனர். அங்கே 2013இல் எடுத்து வூகான் ஆய்வகத்தில் வைத்திருந்த வௌவால் மாதிரியின் மரபணுத் தொடர், கோவிட் வைரஸோடு சுமார் 96 விழுக்காடு ஒத்திருந்தது. ஆய்வகத்தின் மீது ஐயம் வலுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆயினும் சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட அந்தத் தொடரில் மிச்சமுள்ள 4 விழுக்காடு என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடுகள். இயற்கையில் அத்தனை வேறுபாடுகள் சேரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்; ஆகவே அந்த மாதிரி கோவிட் வைரஸின் நேரடி மூலம் அல்ல. தொடக்க நோயாளிகள் பலர், உயிருள்ள காட்டு விலங்குகளும் விற்கப்பட்ட வூகானின் ஹுவானான் சந்தையைச் சுற்றியே இருந்ததையும் ஒதுக்கிவிட முடியாது.

என்னளவில், சந்தைப் பக்கமே தராசு சற்றுத் தாழ்கிறது. ஆனால் கேட்ட தரவுகளைச் சீனா முழுமையாகத் தரவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2025இல் சொல்லியிருக்கும்போது, ஆய்வகத்தைச் சந்தேகிப்பவரைப் பைத்தியக்காரர் என்று நான் ஏச மாட்டேன்.