ஆர்ஜிபி எல்இடில சிவப்பு கேட்டா சியான் வந்த கதை

ஆர்ஜிபி எல்இடியை (ஒரே பல்புக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம் மூணும் இருக்கறது) கலர் மாத்த வைக்கிறது கோடுன்னு பார்த்தா ஒண்ணுமே இல்லை. மூணு பின், மூணு அனலாக்ரைட் (பின்னுக்கு 0லிருந்து 255 வரைக்கும் வெளிச்ச அளவைச் சொல்ற கட்டளை), ஒரு லூப், முடிஞ்சுது. ஆனா அந்தக் கோடு போர்டுக்குள்ள போய்ச் சேர்றதுக்குள்ளயும், சேர்ந்த பிறகு அந்த நாலு கால் எல்இடி நான் கேட்ட கலரைக் காட்டுறதுக்குள்ளயும் தாவு தீர்ந்துருச்சு. ஆர்டுயினோ ஐடிஇ, பிரெட்போர்டு எல்லாம் தெரிஞ்சவங்கன்னு வச்சுக்கிட்டு எழுதறேன்.

என்கிட்ட இருந்தது ஆர்டுயினோ நானோவோட குளோன், டைப் சி போர்ட், கம்ப்யூட்டரோட யூஎஸ்பில பேசறதுக்கு சிஎச்340னு ஒரு சிப். கிட்லயே வந்த கேபிளைச் சொருகினா பவர் லைட் ஜம்முன்னு எரியுது, ஐடிஇல போர்ட் லிஸ்ட் மட்டும் காலி. இந்த மாதிரி ஆனா உடனே டிரைவர் தேட ஓடாதீங்க, முதல்ல கேபிளை மாத்துங்க. சில கேபிள் வெறும் சார்ஜிங் கேபிள், உள்ள பவர் வயர் மட்டும்தான் இருக்கும், டேட்டா வயரே இருக்காது, வெளிய பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்தக் கேபிள்ல போனைச் சொருகி கம்ப்யூட்டர்ல ஃபைல் தெரியுதான்னு பாருங்க, தெரியலைன்னா ஓரமா வச்சுடுங்க. புரோகிராம் பண்றதுக்குன்னு விக்கிற கிட்ல எதுக்குடா சார்ஜிங் கேபிளைப் போடறீங்க?

வேற கேபிள் போட்டேன், போர்ட் வந்துச்சு, வந்த வேகத்துல காணாமலும் போச்சு. நான் இருக்கறது லினக்ஸ்ல. கெர்னல் லாக்கைத் திறந்தா சீரியல் போர்ட் கனெக்ட் ஆச்சுன்னு ஒரு வரி, அடுத்த வரியிலேயே டிஸ்கனெக்டட். போர்டே போச்சுன்னு நினைச்சேன். விஷயம் என்னன்னா பிஆர்எல்டிடிஒய்னு ஒரு சர்வீஸ், பார்வையில்லாதவங்க பயன்படுத்துற பிரெய்ல் டிஸ்பிளேக்கானது, அந்த டிஸ்பிளே சிலதும் இதே ஐடி இருக்கிற யூஎஸ்பி சிப்பைத்தான் போட்டிருக்கு, அதனால என் போர்டை பிரெய்ல் டிஸ்பிளேன்னு நினைச்சு அது இழுத்துக்குது. உங்களுக்கு பிரெய்ல் டிஸ்பிளே தேவையில்லைன்னா அந்தப் பேக்கேஜைத் தூக்கிட்டு போர்டைக் கழட்டி மாட்டுங்க, போர்ட் அப்படியே நிக்கும்.

அப்புறம் அப்லோட் அடிச்சா "புரோகிராமர் இஸ் நாட் ரெஸ்பாண்டிங்". இது பழைய கதை, டூல்ஸ்ல புராசஸர்ங்கிற இடத்துல ஓல்டு பூட்லோடர்னு இருக்கறதைத் தேர்ந்தெடுத்தா சரியாயிடும். பூட்லோடர்ங்கறது கோடை வாங்கி ஏத்திக்கறதுக்குப் போர்டுக்குள்ளயே இருக்கற குட்டி புரோகிராம்; பழசு 57600 பாட் வேகத்துல பேசுது, புதுசு 115200ல பேசுது, குளோன் போர்டுல எது இருக்குன்னு எங்கயும் எழுதி இருக்காது.

கோடு ஏறிடுச்சு. இனிதான் உண்மையான கூத்து.

கிட்டோட வந்த புக்லெட்ல எல்இடியோட நீளமான காலை கிரவுண்ட்ல குத்துன்னு படம் போட்டிருக்கு. குத்தினா ஒரு கலரும் எரியல. ஜம்பரை மாத்திப் பார்த்தேன், பிரெட்போர்டை மாத்திப் பார்த்தேன், ம்ஹூம். கடைசில மல்டிமீட்டரை டயோட் மோட்ல வச்சு, சிவப்பு புரோபை நீளக் கால்லயும் கருப்பை மத்த கால்கள்லயும் தொட்டா சிவப்பு லேசா மினுங்குச்சு. ஆக கவர்ல வந்தது காமன் ஆனோட், அதாவது மூணு கலருக்கும் பிளஸ் பொது; புக்லெட் எழுதினது காமன் கேத்தோடுக்கு, அதாவது மைனஸ் பொது. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி, கவர் மேல ஒரு எழுத்து கிடையாது. மீட்டர்ல பச்சையும் நீலமும் எரியலைன்னா பயப்படாதீங்க, அதுக்கு 3 வோல்ட் கிட்ட வேணும், நிறைய மீட்டர் அவ்ளோ தராது, சிவப்புக்கு 2 வோல்ட் போதும்.

நீளக் காலை 5வி-ல குத்தினேன், எரிஞ்சுது, ஆனா சிவப்பு கேட்டா சியான் (பச்சையும் நீலமும் கலந்த கலர்), மஞ்சள் கேட்டா நீலம், ஆஃப் பண்ணினா அணையாம பளீர்னு எரியுது. காமன் ஆனோட்ல பின் லோவா இருந்தாத்தான் எரியும், அதனால 0ன்னா முழு வெளிச்சம், 255ன்னா ஆஃப். ஒவ்வொரு மதிப்பையும் 255ல இருந்து கழிச்சு அனுப்புங்க, தீர்ந்துது.

அதே புக்லெட் படத்துல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. காமன் கால்ல ஒரே ஒரு ரெசிஸ்டர். மூணு கலரையும் போட்டா வெள்ளை வரணும்ல, எனக்கு வந்தது சிவப்பு. சிவப்பு 2 வோல்ட்லயே எரிய ஆரம்பிச்சு அந்தக் காமன் லைனோட வோல்டேஜை அங்கயே அமுக்கிப் பிடிச்சிருது, பச்சைக்கும் நீலத்துக்கும் வேண்டியது கிடைக்கவே கிடைக்காது. கலருக்கு ஒண்ணுன்னு மூணு ரெசிஸ்டர் போடுங்க, 220 ஓம் போதும், 5 வோல்ட்ல சிவப்புக்கு 14 மில்லியாம்ப் கிட்ட, மத்த ரெண்டுக்கும் 9 கிட்ட வரும், ஒரு பின்னுக்குச் சொல்ற 20 மில்லியாம்ப்புக்குள்ளதான். பின் விஷயத்துலயும் ஜாக்கிரதை, படத்துல நீலத்தை 8ல குடுத்திருந்தாங்க, அதுல பிடபிள்யூஎம் (வேகமா ஆன் ஆஃப் பண்ணி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி) கிடையாது. அங்க அனலாக்ரைட் போட்டா எரர் எதுவும் வராது, 128க்குக் கீழ லோ, அதுக்கு மேல ஹை, அவ்ளோதான், நீலம் மட்டும் ஃபேட் ஆகாம டப்பு டப்புன்னு அடிக்கும். 3, 5, 6, 9, 10, 11, இந்த ஆறுல எதையாவது எடுத்துக்கங்க.

எல்லாம் சரியான பிறகும் ஆரஞ்சு வரல. ஸ்கிரீன்ல 255, 165, 0ன்னா அழகான ஆரஞ்சு, எல்இடில அதே எண்ணைப் போட்டா பச்சை தூக்கலா ஒரு எலுமிச்சை மஞ்சள். ஸ்கிரீன் காமா போட்டு, அதாவது நடு மதிப்பையெல்லாம் இறக்கிக் காட்டுது, பிடபிள்யூஎம் நேர்கோட்டுல போகுது, அதனால நடு மதிப்பெல்லாம் எல்இடில ரொம்பப் பிரகாசமாத் தெரியும். மதிப்பை 255ஆல வகுத்து 2.2 அடுக்குக்கு உயர்த்தி திரும்ப 255ஆல பெருக்கினா 165ங்கறது 98 ஆகுது. அதைப் போட்டதும் வந்துச்சு பாருங்க ஒரு ஆரஞ்சு, ஃபேடும் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போச்சு! இந்தக் கணக்கை முடிச்சுட்டு அப்புறமா 255ல இருந்து கழிங்க, வரிசை மாறினா திரும்ப கலர் குழம்பும்.

அடுத்து டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியா கலர் குடுக்கக்கூடிய பட்டை) பக்கம் போறவங்களுக்கு: அதுல டேட்டா பச்சை, சிவப்பு, நீலம்ங்கிற வரிசைல போகும், லைப்ரரில கலர் ஆர்டரை ஜிஆர்பின்னு வைங்க. முழு வெள்ளைல ஒரு எல்இடி 60 மில்லியாம்ப் வரைக்கும் இழுக்கும், 30 எல்இடின்னா 1.8 ஆம்ப், அதைப் போர்டோட 5வி பின்ல இருந்து எடுக்காதீங்க, தனி சப்ளை குடுத்து கிரவுண்டை மட்டும் போர்டோட சேர்த்துடுங்க.