ப்ளாட்பாரத்துல ஒரு அசனம்

தூத்துக்குடி மாவட்டத்துல நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் பொறந்தவங்களுக்கு அசனம்னா என்னன்னு சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்காக சொல்றேன், சர்ச் பண்டிகைக்கு ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுற சாப்பாடு அது. பெரிய பெரிய பாத்திரத்துல சோறும் கறிக்குழம்பும் பொங்கி, யாரு என்னன்னு பாக்காம எல்லாரையும் உக்கார வைப்பாங்க, அதான் கணக்கு (எல்லா ஊர்லயும் அப்படியே நடக்குதான்னு கேட்டா அது வேற பஞ்சாயத்து). எங்கம்மா கத்திரிக்கா நறுக்க ராத்திரியே போயிடும்.

அம்மா 2021 மே மாசம் போச்சு, கொரோனா ரெண்டாவது அலைல. அடக்கத்துக்கு ஒம்பது பேரு. அதுக்கப்புறம் நான் சர்ச்சுக்கு போகல. கோவம்னுகூட சொல்ல முடியாது, ஜெபம் பண்ண உக்காந்தா வாய்ல வார்த்தை வரல, அவ்ளோதான். ஞாயித்துக்கெழமைன்னா துணி துவைக்கிற நாள்னு ஆயிப்போச்சு.

சென்னைல மண்ணடில மூணாவது மாடி வீடு. கீழ எறங்குனா ப்ளாட்பாரத்துல ஆறு குடும்பம், அங்கயே பொறந்து அங்கயே கல்யாணம் ஆனவங்க. ரெண்டு வருஷம் அவங்க கால தாண்டித்தான் ஆபீஸ் போயிருக்கேன், ஒரு பேர் தெரியாது. 2023ல சித்தி நச்சரிப்பு தாங்காம ஒரு குரூப்போட சேந்து சனிக்கெழம 40 லெமன் சாதம் பொட்டலம் கட்டி எடுத்துட்டு போனோம். பூ கட்டிட்டிருந்த அக்கா ஒண்ணு வாங்கி ஓரமா வச்சுட்டு, "இன்னிக்கு நீங்க நாலாவது பார்ட்டிம்மா"ன்னுச்சு. செவ்வாக்கெழம ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயில் வாசல்ல எதுனா கெடைக்குமாம், சனி ஞாயிறு பிரியாணியே வருமாம், புதன்கெழமதான் ஒரு நாயும் எட்டிப்பாக்காதாம். அம்மா உணவகத்துல ஒரு ரூபாய்க்கு இட்லி இருக்கு, சோத்துக்கு செத்துடல, "போனுக்கு சார்ஜ் போட ஒரு எடமில்ல, அதுக்கு எதுனா பண்றியா"ன்னு கேட்டுச்சு.

எனக்கு சுருக்குனு இருந்துச்சு. ஆனா சார்ஜ் போடறது என்ன பெரிய விஷயம், மொத நாள் ரெண்டு போன், அடுத்த வாரம் அஞ்சு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிட்டேன். அந்த போன் வாங்க குடுக்கப் போகும்போதுதான் ஒவ்வொண்ணா தெரிய வந்துச்சு. ஒருதடவ பாத்ரூம் போக அஞ்சு ரூபா, குளிக்க இருவது, அதனால பொம்பளைங்க சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல. நகரத்து ஜனத்தொகைல லட்சம் பேருக்கு ஒண்ணுன்னு வீடில்லாதவங்க தங்க ஷெல்டர் வேணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2010லயே சொல்லிடுச்சு, சென்னைலயும் இருக்கு, ஆனா பெரும்பாலும் ஆம்பளைக்கு தனி பொம்பளைக்கு தனி, புருஷன் பொண்டாட்டி புள்ளைங்கன்னு இருக்கவங்க எப்படி போவாங்க, பூ மார்க்கெட்ட விட்டு தூரமா போனா பொழப்பு என்னாவறது. சரி விடுங்க, நான் சொல்ல வந்தது வேற.

ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு சார்ஜ்ல இருந்த அக்காவோட போன் அடிச்சுது. மூணு மாடி எறங்கி ஓடி குடுத்தேன். அவங்க பொண்ணுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம், சிக்கலாம். அக்கா புடவைய இழுத்து சொருகிட்டு கெளம்பினவங்க திரும்பி என் கையப் புடிச்சு, "நீ வேதக்கார பொண்ணுதான, ஒரு ஜெபம் பண்ணு கண்ணு"ன்னாங்க.

என்ன பண்றது. சொந்தமா ஒரு வார்த்தை வரல, சின்ன வயசுல மனப்பாடம் பண்ணத சொன்னேன், "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வந்தப்ப நின்னு போச்சு. ஆயிரம் தடவ சொல்லிருப்பேன், அதுல "எனக்கு"ன்னு ஒரு எடத்துலயும் இல்லன்னு அன்னைக்குத்தான் காதுல விழுது. ரெண்டு வருஷமா எனக்கு ஏன், எனக்கு ஏன்னே கேட்டுட்டிருந்தவ நான். அழுகை வந்துருச்சு, மிச்சத்த முடிக்கல, அக்கா ஆட்டோ புடிக்க போயிட்டாங்க. காலைல பொம்பளப் புள்ளன்னு போன் வந்துச்சு.

அடுத்த புதன்கெழம குக்கர்ல சோறு வச்சு கத்திரிக்கா குழம்போட எறங்கினேன். குடுத்துட்டு திரும்பப் பாத்தேன், அக்கா விடல. "எங்க ஓடுற, குந்து, நீயும் துன்னு." சாக்க விரிச்சாங்க. பக்கத்துல தாத்தா ஒருத்தர், எதிர்ல ஸ்கூல் யூனிபார்ம்ல ரெண்டு பசங்க, மேல பஸ் புகை. அம்மா போனதுக்கப்புறம் நான் சாப்பிட்ட மொத அசனம் அது, வேற எப்படி சொல்றதுன்னு தெரியல.

சாப்பிடும்போது சும்மா ஒரு வசனம் சொன்னேன், ஓய்வுநாள் பள்ளில ஒப்பிச்சு எவர்சில்வர் டம்ளர் வாங்குன வசனம், நரிகளுக்குக் குழிகளும் ஆகாயத்துப் பறவைகளுக்குக் கூடுகளும் உண்டு, மனுஷகுமாரனுக்கோ தலைசாய்க்க இடமில்லைன்னு இயேசு தன்னப் பத்தியே சொன்னது. அக்கா சோத்த பெசைஞ்சுட்டே, "அவுருக்கும் ப்ளாட்பாரம்தானா?"ன்னாங்க. எத்தனையோ கன்வென்ஷன் பிரசங்கம் கேட்டிருக்கேன், இப்படி ஒண்ணு கேட்டதில்ல.

இப்ப சர்ச்சுக்கு போறேன், பின் பெஞ்சு, மாசத்துல ரெண்டு வாரம். ஜெபம் வருது, கொஞ்சம் கொஞ்சமா. ப்ளாட்பாரம் அப்படியேதான் இருக்கு, போன மழைக்கும் தார்ப்பாய் பிச்சுகிட்டு போச்சு. வோட்டர் ஐடிக்கு அலையறோம், வீடில்லாதவங்களுக்கு அட்ரஸ் ப்ரூஃப் கேக்கக்கூடாது, ராத்திரி ஆள் வந்து அங்கதான் தூங்குறாங்களான்னு பாத்தா போதும்னு தேர்தல் கமிஷனே சொல்லிருக்கு, அத சொல்லி புரிய வைக்கவே நாலு நடை.

அந்த பாப்பா இப்ப நல்லா நடக்குது. என்ன பாத்ததும் ரெண்டு கையும் நீட்டிட்டு ஓடி வருவா. பாசம்லாம் இல்ல, கைல இருக்க போனுக்கு. அவளுக்கு நான் சார்ஜர் அத்தை.