மைனஸ் ஐந்து ஏன் 251?

உயர்தரத்தில் ஐசிரி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) படிக்கிற பிள்ளைகளிடம், கணினி மைனஸ் எண்களை 0, 1 கொண்டு எழுதுகிற முறையான இரண்டின் நிரப்பி பற்றிக் கேட்டால் மந்திரம் மாதிரிச் சொல்லுவார்கள்: "0ஐ 1 ஆக்கு, 1ஐ 0 ஆக்கு, பிறகு ஒன்றைக் கூட்டு." அந்த ஒன்றை ஏன் கூட்ட வேண்டும் என்றால் பதில் வராது. சோதனைக்கு மந்திரமே போதும்தான். ஆனாலும் பரந்தனில் நான் எடுக்கிற மாலை வகுப்பில் அதைக் கடைசியில்தான் சொல்லுவேன்.

முதலில், யாருக்கும் சட்டென்று தோன்றுகிற வழி. எட்டுப் பிற்றில் (பிற்று என்பது 0 அல்லது 1 நிற்கிற ஓர் இடம்) இடப்பக்கத்து முதல் பிற்றைக் குறிக்கு ஒதுக்குவது. 0 என்றால் நேர், 1 என்றால் மறை. அப்படிப் பார்த்தால், 0, 1 மட்டும் கொண்ட துவித எண்முறையில் 5 என்பது 00000101, −5 என்பது 10000101. சரி, இப்போது இரண்டையும் கூட்டுங்கள். வர வேண்டியது பூச்சியம். வருவது 10001010, அதாவது −10! பின்வாங்கில் கண்ணயர்ந்தவரும் இதற்கு நிமிர்ந்துவிடுவார். போதாக்குறைக்கு இந்த முறையில் +0, −0 என்று இரண்டு பூச்சியம் வேறு.

எட்டுப் பிற்றில் 255 வரைதான் அடங்கும். 256 வந்தால் ஒன்பதாவது பிற்று வெளியே விழுந்து, மிஞ்சுவது பூச்சியம். அப்போ 5உடன் சேர்ந்து 256 ஆகிற எண்ணையே −5 என்று வைத்துக்கொண்டால்? அது 251. துவிதத்தில் 11111011. கூட்டுகிற மின்சுற்றே கழித்தலையும் செய்துவிடும், தனிச்சுற்று தேவையில்லை. இப்படி இடப்பக்கத்துப் பிற்று 1 ஆக உள்ள 128 முதல் 255 வரையானவை −128 முதல் −1 வரையான மறை எண்களாகிவிடும். மந்திரத்தின் காரணமும் இதுதான்: எந்த எண்ணையும் அதன் தலைகீழோடு (0ஐ 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் மாற்றியதோடு) கூட்டினால் எல்லாம் 1, அதாவது 255. 256க்கு இன்னும் ஒன்று குறைகிறது.

வட்டக்கச்சியிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "மிஸ், −128 இருக்கு, ஏன் +128 இல்லை?"

"−128ஐ நேராக்கிப் பாருமன்."

10000000ஐத் தலைகீழாக்கினாள், 01111111. ஒன்றைக் கூட்டினாள், மறுபடி 10000000. "அதேதான் வருது மிஸ்!" பூச்சியம் நேர்ப்பக்கத்தில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டதால் அந்தப் பக்கம் 127ஓடு முடிகிறது. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் −128.

1970 ஜனவரி 1இலிருந்து செக்கன்களை 32 பிற்றில் எண்ணுகிற பழைய நிரல்களுக்கும் இதே கதிதான். அதில் அடங்குகிற மிகப் பெரிய நேர் எண்ணான 2,147,483,647 நிரம்புவது 2038 ஜனவரி 19, இலங்கை நேரப்படி காலை 8.44. அடுத்த செக்கனில் எண் மறையாகி, அவற்றுக்கு 1901 டிசெம்பர். புதிய கணினிகள் 64 பிற்றுக்கு மாறிவிட்டன. எங்கேயோ மூலையில் ஓடிக்கொண்டிருக்கிற பழைய பெட்டிகளைத்தான் யாராவது பார்க்க வேண்டும்.