ஒரு கிழமை முந்திப் போனேன்

"போயா கழிந்து வரும் சனிக்கிழமை, பொழுது சாய வந்துவிடுங்கள் தம்பி" என்று, தன் வீட்டில் நடக்கும் பாட்டு, கவிதை நிகழ்ச்சிக்கு அழைத்து ரீச்சர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். முழுநிலவு விடுமுறை நாளான போயா வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மட்டக்களப்பில் காலை பஸ் ஏறிவிட்டேன். அவர் சொன்னது அதற்கடுத்த சனிக்கிழமையை. திருகோணமலையில் அந்த வீட்டுப் படலையைத் திறந்தபோது முற்றத்தில் கூட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு புள்ளிமான் நின்று குருத்தோலைத் தோரணத்தைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

தோரணம் எப்படி அமையும் என்று பார்ப்பதற்காக முன்கூட்டியே ஒரு வரிசை கட்டினார்களாம். திருகோணமலைக்குப் புதியவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே மான் காட்டு விலங்கல்ல. பிரெட்ரிக் கோட்டைக்குள் கூட்டமாக நிற்கும், அலுத்துப்போனால் ஊருக்குள் வரும், கடை வாசலில் வாழைப்பழத் தோலுக்குக் காத்திருக்கும். விளக்குமாற்றுடன் ஓடி வந்த ரீச்சர் மானை விரட்டுவதா என்னை வரவேற்பதா என்று ஒரு கணம் தடுமாறினார்.

"அடுத்த கிழமையல்லவா தம்பி! வந்ததும் வந்தீர்கள், இன்றைக்கு ஒத்திகை இருக்கிறது. இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்."

என் கையில் மூதூரில் வாங்கிய எருமைத் தயிர்ச் சட்டி இருந்தது. திருப்பி அனுப்பாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று வரும் ஏ-15 வீதி இப்போது வழவழவென்று இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது இப்படி இல்லை. ஆறும் களப்பும் குறுக்கிடும் இடங்களில் பஸ்ஸைவிட்டு இறங்கிப் 'பாதை'யில் ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் மிதவை. ஆளையும் சைக்கிளையும் ஆட்டையும் சேர்த்து ஏற்றி மறுகரையில் விடும் தட்டை. யுத்த காலத்தில் அந்த வழியும் அடைபட்டு, பல ஆண்டுகள் ஹபரணையைச் சுற்றியே திருகோணமலைக்குப் போனோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. நீளம் 396 மீற்றர். பஸ் அதை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. யன்னல் வழியே களப்பைப் பார்க்கத் தொடங்கும்போதே மறுகரை வந்துவிடும். இதைப் பற்றி அன்று மாலையே எனக்கு ஒரு கவிப் பாட்டு கிடைக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

வீடு டச்சுக் குடாப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு, அகன்ற விறாந்தை, முற்றத்தில் ஒரு வேம்பு. விறாந்தைதான் மேடை. நாற்பது கதிரைகள் உண்டு. அவை வயதானவர்களுக்கு, மற்றவர்களுக்குப் பாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே பாட்டும் கவிதையும் நடக்கின்றன. பெயர்ப்பலகை கிடையாது, ஒழுங்கையின் முனையில் யாரைக் கேட்டாலும் "ரீச்சர் வீடா?" என்று கை காட்டுவார்கள். ஏன் நிலவுள்ள போயா அன்றே வைப்பதில்லை என்று கேட்டேன். போயாவோடு சேர்ந்த விடுமுறைக்குத் தென்பகுதியிலிருந்து வான்களில் வரும் கூட்டத்தில் ஒழுங்கைகூட நெரியும், ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே யார் பாடுவது என்றார் ரீச்சர். உண்மைதான். அன்று இரவு தங்க அறை தேடி நான்கு விடுதிகளில் கேட்டு, நான்கிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் அந்த விறாந்தையிலேயே பாய் விரித்துப் படுத்தேன். அந்த வகையில் நானும் அந்த மேடையில் ஏறியவன்தான்.

நான்கு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆனி மாதம், கச்சான் காற்று சூடாக வீசிக்கொண்டிருந்தது. கச்சான் காற்றில் கச்சான் கொட்டை (நிலக்கடலை) கொறித்துக்கொண்டிருப்பது எங்கள் கிழக்கில் மட்டுமே வாய்க்கும் சிலேடை. முதலில் வந்தவர் திருக்கடலூர் ஐயா. எழுபதைத் தாண்டியவர், கரைவலையில் மண்டாடியாக, அதாவது வலை இழுப்பவர்களின் தலைவராக இருந்தவர். அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தொடங்கப்போவது அவருடைய அம்பாப் பாட்டு.

அம்பா என்பது வலை இழுக்கும்போது பாடுவது. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கும் மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கி இழுப்பார்கள். இப்போது பல கரைகளில் உழவு இயந்திரம் வலையை இழுக்கிறது. இயந்திரத்துக்குப் பாட்டு தேவையில்லை, பாடினாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. அதனால் அம்பா தெரிந்தவர்களை இன்றைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒலிவாங்கியை அவர் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்து, "பாடுங்கள் ஐயா" என்றார்கள். ஐயா சாரத்தை மடித்துக் கட்டினார், தொண்டையைச் செருமினார், அரை வரி பாடினார், நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி நின்றார். "மறந்துபோய்விட்டதா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"மறக்கவில்லை. நான் இப்போது எதை இழுக்கிறேன்?"

முற்றத்தில் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார். ஐம்பது வருடமாகக் கையில் கயிறு இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடியதில்லையாம். ஒரு வரி எங்கே முடியும் என்பதை வலையின் பாரம்தான் அவருக்குச் சொல்லும்.

ரீச்சரின் மருமகன் சைக்கிளில் திருக்கடலூர்வரை போய் ஒரு சுற்றுக் கயிறு கொண்டுவந்தார். அது வந்ததும் முற்றத்தின் மணமே மாறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனைகள் இரண்டு மதிலுக்கு வந்துவிட்டன. கையில் எடுத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் மொத்தம். முறுக்குகளின் இடுக்கில் உப்புப் பொரிந்திருந்தது, அதற்குள்ளே காய்ந்த சூடை மீன் செதில்கள் வெயிலில் ஒவ்வொன்றாக மினுங்கின. பிடித்த கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. ஐயாவின் உள்ளங்கையைப் பார்த்தேன். அதற்கு இந்தக் கயிறு ஒன்றும் செய்யாது.

ஒரு முனையை வேம்பில் கட்டினார்கள். சரிவரவில்லை. மரம் அசையாதே; வலை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும். அதனால் மூன்று பொடியன்களை மறுமுனையில் நிறுத்தி, "நீங்கள்தான் கடல்" என்றார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கடல் வேடம் தலைக்கேறிவிட்டது. வெடுக் வெடுக்கென்று பறித்தான். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, கடல் இப்படி வெட்டி இழுக்காது. பொறுத்துக் கொடுக்கும், பிறகு மெல்ல எடுக்கும். நீ என்ன கடலா, கடா மாடா?" என்றார். பொடியன் அடங்கினான்.

பிறகு பாடினார். ஒலிவாங்கியை யாரும் கவனிக்கவில்லை. ஐயா முன்னே நின்று வரி எடுக்க, நான் உட்பட ஆறு பேர் கயிற்றில் நின்றோம். வரி முடியும் இடத்தில் குதிக்கால் மண்ணில் ஊன்றும், 'ஏலேலோ' வில் உடம்பு பின்னுக்குச் சாயும், கயிறு ஒரு முழம் வரும், அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கலாம். பாடுவதற்கு இழுக்கிறோமா இழுப்பதற்குப் பாடுகிறோமா என்று பிரிக்க முடியவில்லை. பாரம் கூடும்போது வரி குறுகியது. பொடியன்கள் விட்டுக்கொடுக்கும்போது நீண்டது. நடுவில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனத்தைப் பற்றி இரண்டு வரி வந்தது. அதற்கு அடுத்ததாக வந்த வரியைக் கேட்டு ரீச்சர் தேத்தண்ணீர் பார்க்க உள்ளே போய்விட்டார்.

அந்த வரிகளைப் பற்றிப் பிறகு ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. பிள்ளைகள் இருக்கும் சபையில் அவை வேண்டாம் என்று ஒரு கட்சி. நான் மற்றக் கட்சி. விடியற்காலைக் குளிரில், வெறும் வயிற்றில், மீன் சேரும் வலை மடி கரைக்கு வரும்வரை ஆட்களைக் கயிற்றில் நிறுத்தி வைக்க அந்தக் குறும்பும் தேவைப்பட்டிருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டைப் பாதுகாக்கிறோம் என்று சொல்வது என்ன நியாயம்? ஐயாதான் தீர்த்து வைத்தார். "ரீச்சர் இருக்கும்வரை ஒரு மாதிரிப் பாடுகிறேன், அவர் தேத்தண்ணீர் ஊற்றப் போனதும் மற்ற மாதிரிப் பாடுகிறேன்." அடுத்த சனிக்கிழமை ரீச்சர் எத்தனை தடவை உள்ளே போவார் என்று பார்க்க வேண்டும்.

தம்பலகாமத்துக் கூத்து ஆசான், அண்ணாவியார், கூத்துப் பாட்டுக்கு மத்தளத்தோடும் சல்லாரியோடும் வந்தார். அன்று நேரம் போதாததால் இரண்டு பாட்டோடு நிறுத்திக்கொண்டார். அதைப் பற்றி நிகழ்ச்சிக்குப் பிறகு எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து மூவர் வந்திருந்தார்கள். றபான் என்ற தோல் பறை அடிக்கும் காக்கா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சி, அவருடைய உம்மும்மா. கடற்காற்றின் ஈரத்தில் றபான் தோல் தொய்ந்து 'தொப்' என்றது. காக்கா சிரட்டை நெருப்பு மூட்டி, தணலுக்கு மேலே றபானைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அப்பளம் சுடுகிற கவனம். விரலால் தட்டுவதும் மறுபடி காட்டுவதுமாக, சத்தம் 'டங்' என்று இறுகும்வரை யாருடனும் கதைக்கவில்லை.

கிழக்கு முஸ்லிம் ஊர்களில் கவி என்றால் நாட்டார் பாடல். காதல், ஊடல், கேலி எல்லாம் அதில்தான். உம்மும்மாவுக்கு நூற்றுக்கணக்கில் தெரியும். ஆனால் ஆண்கள் இருக்கும் இடத்தில் பாடமாட்டார். பேத்தி கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து பாடுகிறார். உம்மும்மா உள் அறையில், கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து கேட்கிறார். பேத்தி ஒரு சொல்லைக் குறுக்கிப் பாடினால், "அப்படி இல்லை, இழுத்துச் சொல்" என்று சீலைக்குள்ளிருந்து குரல் வரும். பேத்தி திருத்திப் பாடுவார். இந்தத் திருத்தங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தன. அடுத்த சனிக்கிழமையும் சீலையை அப்படியே விடும்படி ரீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.

முடிவில் தங்கச்சி தானே கட்டிய ஒரு கவியைப் பாடினார்:

பாதையிலே போகையிலே பார்த்திருக்க நேரமுண்டு
பாலமொன்று போட்டபின்னே பஸ் நிறுத்த யாருமில்லை

சீலைக்குள்ளிருந்து திருத்தம் எதுவும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

கவிதை வாசிப்புக்கு நான்கு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியைப் பார்த்து வாசிக்கிறார்கள். வெளிச்சம் முகத்தில் விழுவதால் எல்லோரும் காய்ச்சல்காரர்போலத் தெரிகிறார்கள். ஒருவருடைய கவிதையில் ஏழு முறை நிலவு வந்தது, நான் எண்ணினேன். இன்னொருவர் துறைமுகத்து எண்ணெய்க் குதங்களைப் பற்றி எட்டே வரியில் எழுதியிருந்தார். அதைக் கேட்கவே மறுபடி வரலாம். மேசையில் கவிஞர் பிரமிளின் படம் சாய்த்து வைத்திருந்தது. 1939இல் இந்த ஊரில் பிறந்து, தமிழகம் போய், 1997இல் அங்கேயே இறந்தவர். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று நீட்டி வாசிப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

ஞாயிறு காலை கோணேசர் கோயிலுக்கு நடந்தேன். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துக் கட்டிய கோட்டைக்குள்ளாலேதான் இன்றைக்கும் போக வேண்டும். சுவாமி மலை உச்சியில் சன்னிதிக்கு அருகே ஒரு அம்மா சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தைப் புத்தகம் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தார். கீழே இராவணன் வெட்டில் அலை மோதும் சத்தம் அவருக்குப் பின்பாட்டு. சம்பந்தர் இங்கே வரவே இல்லை. இராமேசுவரத்தில் நின்று கடலுக்கு இக்கரையில் இருக்கும் கோயிலைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்லும். அவர் வராமலே பாடிவிட்டார். நானோ பாட்டுக்கு ஒரு கிழமை முந்தி வந்து நிற்கிறேன்.

திரும்பி வந்தபோது ஐயா வேம்பில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இங்கேயே இருக்கட்டும், சனிக்கிழமை தேவைப்படுமே என்றேன். "நாளை விடிய மகனுக்கு வலைக்குத் தேவை தம்பி. சனிக்கிழமை கொண்டுவருகிறேன்" என்று சைக்கிளில் சுற்றிக் கட்டினார்.

வர விரும்புகிறவர்களுக்கு: வரும் சனிக்கிழமை, மாலை ஆறு மணி. கொழும்பிலிருந்து வருவோர் வெள்ளி இரவு கொழும்புக் கோட்டை நிலையத்தில் திருகோணமலை ரயில் ஏறினால் விடிய வந்து சேரலாம். மட்டக்களப்புப் பாதை பிரியும் கல்லோயாச் சந்தியில் தூக்கக் கலக்கத்தில் இறங்கிவிடாதீர்கள். டிக்கெட் இல்லை. வாசலில் ஒரு தயிர்ச் சட்டி இருக்கும், அது நான் கொண்டுபோனது. ரீச்சர் கழுவிக் காய வைத்திருக்கிறார். இயன்றதைப் போடுங்கள். ஒரு பாய் கொண்டுவாருங்கள். சாப்பாட்டுப் பை இருந்தால் மானுக்கு எட்டாத உயரத்தில் கொழுவிவிடுங்கள்.